வளைவின் எல்லை

ஜெலுத்தோங்கிலிருந்து ஹேமவதி அனுப்பிய கோப்பு
நாற்பத்தொரு கிலோபைட்.
ஆறு நிமிடப் பாட்டு, பதினான்கு தடங்கள்.
அவள் அனுப்பும் சார் குவே தியாவ் படம்
இதைவிட எண்பது மடங்கு கனம்.

வியப்பில்லை. மிடிக்குள் சத்தம் கிடையாது.
எந்தக் கட்டை, எத்தனை அழுத்தம்,
விரல் எப்போது இறங்கி எப்போது எழுந்தது,
அந்தக் கணக்கு மட்டும் பாலம் தாண்டி வருகிறது.
குரலை
வந்த இடத்தில்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

வந்த இடம் செந்தூல், ஒன்பதாம் மாடி,
மின்தூக்கி பழுதாகி மூன்றாம் நாள்.
அவளிடம் மேக். என்னிடம்
லோ யாட்டில் ஐந்நூற்று இருபது வெள்ளிக்கு வாங்கிய மடிக்கணினி,
அதில் லினக்ஸ்,
வேறெதுவும் அதில் எழுந்து நிற்கவில்லை என்பதால்.

திறந்தேன்.
அவள் வைத்த செலோ, நாயனம், கடம் எல்லாம்
ஒரே பியானோவாக வந்து நின்றன,
திங்கட்கிழமை சபைகூடலில்
வெள்ளைச் சட்டை, நீலப் பினஃபோர் மாதிரி.
ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு
திரையில் கம்பி இழுத்து
அதனதன் வாத்தியத்தில் சொருக ஒரு மணி நேரம்.
நாயனத்துக்கு மட்டும் என்னிடம் ஆள் இல்லை.
ஓர் ஓபோவை உட்காரவைத்தேன்.

தபலா ஹாஃபிஸ். செத்தாப்பாக், விண்டோஸ்.
அவனுடைய பழைய டிரைவரில்
தட்டினால் கால் நொடி கழித்துத்தான் கேட்கும்.
அதனால் கால் நொடி முன்னாலேயே தட்டிப் பழகினான்.
ஜனவரியில் டிரைவரை மாற்றிக் கொடுத்தேன்.
தாமதம் போயிற்று, பழக்கம் போகவில்லை.
இன்னும் எல்லா அடியும் பாட்டுக்கு முன்னால் ஓடிப்போய்க்
கதவருகே நிற்கிறது.
திட்ட மனம் வரவில்லை.
சுட்டியால் பிடித்துப் பிடித்துப் பின்னுக்கு நகர்த்தினேன்.
சிலதை விட்டுவிட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஓட்டினேன்,
ஹெட்போனில் ஒரு காது செத்துவிட்டதால் ஸ்பீக்கரில்.
இருபத்திரண்டாம் ஆவர்த்தனம், காந்தாரம் அசையவேண்டிய இடம்.
பொம்பா வண்டி.
சத்தியமாக, ஜாலான் ஈப்போ முனையில் திரும்பும் பொம்பா வண்டி.
எதிர்வீட்டு அப்பளசாமி கைலியோடு வெளியே வந்து
எங்கே நெருப்பு என்று கம்பி வழியே எட்டிப் பார்த்தார்.

எண்களைப் பிரித்துப் பார்த்தேன்.
அவள் சக்கரத்தைத் திருப்பிய அளவு அப்படியே இருக்கிறது,
ஒரு புள்ளி குறையவில்லை.
அவள் மென்பொருளில் முழுத் திருப்பு என்றால் இரண்டு அரைச்சுரம்.
என் ஓபோவுக்குப் பன்னிரண்டு,
ஒரு முழு ஸ்தாயி.
கை ஒன்றுதான். அங்கே கமகம், இங்கே கூப்பாடு.

பிப்ரவரியில் புலனத்தில்
"பார்க்கலாம்" என்று ஒரு சொல் எழுதினேன்,
சும்மா, பஸ்ஸில் நின்றுகொண்டு.
அது அவள் வீட்டில் எத்தனை சுரம் தள்ளிப் போய் விழுந்ததோ,
ஐந்து வாரம் பதில் இல்லை.
இந்தக் கோப்புதான் பதில்.
இதிலும் சொல் இல்லை.

ஓபோவின் எல்லையை இரண்டாக்கினேன்.
போதாதென்று கோப்பின் தலையிலேயே எழுதிவைத்தேன்,
எந்தக் கணினியில் எவர் திறந்தாலும்
சுரத்துக்கு முன்னால் அது போய்ச் சேரட்டும் என்று:
வளைவு, இரண்டு.
காந்தாரம் அசைந்தது.

சரியானதை அனுப்பினேன். கூடவே
பொம்பா வண்டியையும், வேடிக்கைக்கு.

ஒன்று ஐம்பதுக்கு நீலக் குறி இரண்டு.
வெகுநேரம் எழுதிக்கொண்டே இருந்தாள். பிறகு:
"ஐயோ, அத எடுத்துடாத.
கடைசி சுத்துல ஒரு தடவ வரட்டும்.
ஹாஃபிஸ் எப்படியும் அதுக்கு முன்னாடியே வந்துருவான்."

ஆகவே தொண்ணூற்றாறாம் ஆவர்த்தனத்தில் மட்டும்
பன்னிரண்டு.

விடிந்ததும் அப்பளசாமியிடம்
ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.